தோழமை என்னும் யோகம்

திருமந்திரத்தைக் கையில் எடுப்பவர்களில் பலர் நேரே மூன்றாம் தந்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். அட்டாங்க யோகம் அங்கேதான் இருக்கிறது. இயமம் தொடங்கிச் சமாதி வரை எட்டு உறுப்புகளும் வரிசையாக வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து அட்டமாசித்தி, காயசித்தி, கேசரி யோகம், சந்திர யோகம். பரவலாக வழங்கும் பதிப்புகளில் இந்தப் பகுதி 549ஆம் பாடலில் தொடங்கி முந்நூறு பாடல்களுக்கு மேல் நீள்கிறது. மூச்சுக் கணக்கைத் தேடி வருபவருக்கு அது போதும். ஆனால் அவர் புரட்டிவிட்டு வந்த பக்கங்களில், முதல் தந்திரத்தின் பிற்பகுதியில், ‘அன்புடைமை’ என்றும் ‘அன்பு செய்வாரை அறிவன் சிவன்’ என்றும் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பத்தும் பத்துமாக இருபது பாடல்கள். அந்த இருபதையும் படிக்காமல் அட்டாங்க யோகத்துக்குள் நுழைந்தவர், திருமூலர் சொல்லும் யோகத்துக்குள் நுழையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பக்தி எளியவருக்கு, யோகம் வல்லவருக்கு என்று ஒரு பிரிவினை நம்மிடையே வெகுகாலமாக இருக்கிறது. பாடி அழுது தொழுபவர் ஒரு பக்கம், கண்மூடி உட்கார்ந்திருப்பவர் மறுபக்கம். முதலாமவருக்கு உணர்ச்சி, இரண்டாமவருக்கு ஒழுக்கம். தமிழ்ச் சைவ மரபைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்தப் பிரிவினை அங்கே நிற்பதில்லை. அந்த மரபு யோகத்துக்கு வைத்த இன்னொரு பெயரே நட்பு. அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் மாடுகள்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் திருமூலர் வரலாறு சுருக்கமானது. கயிலையில் நந்தியின் அருள் பெற்ற யோகி ஒருவர், பொதிய மலையில் அகத்தியரைக் காணத் தெற்கே புறப்படுகிறார். கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, சீபருப்பதம், காளத்தி, காஞ்சி, தில்லை என்று ஒவ்வொரு தலமாக வணங்கிக் காவிரிக் கரைக்கு வருகிறார். திருவாவடுதுறையைத் தொழுதுவிட்டுப் போகும் வழியில், சாத்தனூர் இடையன் மூலன் மேய்ச்சல் நிலத்தில் இறந்துகிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று மோந்து பார்த்துக் கதறுகின்றன. யோகி அதைப் பார்க்கிறார். இவன் எழுந்தாலன்றி இவற்றின் துயரம் தீராது என்று நினைக்கிறார். தம் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடலுக்குள் நுழைகிறார். மாடுகள் துள்ளுகின்றன.

எண்வகைச் சித்தியும் கைவந்த யோகி அவர். தம் ஆற்றலைக் கொண்டு அவர் செய்ததாகப் புராணம் காட்டும் முதல் செயல் மாடுகளின் அழுகையை நிறுத்தியது. கூடுவிட்டுக் கூடு பாய்வது சித்தர் கதைகளில் வியப்பூட்டும் வித்தையாக வரும். இங்கே அது இரக்கத்தின் கருவி. சைவ சித்தாந்தத்தில் பசு என்றால் உயிர் என்பதும், ஆவடுதுறை என்ற ஊர்ப்பெயரிலேயே ஆ இருப்பதும், அவ்வூர் இறைவனுக்குக் கோமுத்தீசர் என்று பெயர் வழங்குவதும் இந்தக் கதைக்குக் கூடுதல் பொருள் தருகின்றன. ஆனால் அந்தத் தத்துவத்துக்கு அவசரமாகத் தாவ வேண்டாம். முதலில் அவை உண்மையான மாடுகள். மேய்ப்பவன் இல்லாமல் வீட்டுக்குப் போக வழி தெரியாமல் நின்றவை.

அவற்றை ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்பினால், வைத்த இடத்தில் தம் உடலைக் காணவில்லை. ஆகமப் பொருளைத் தமிழில் சொல்வதற்காக இறைவனே அதை மறைத்தார் என்கிறார் சேக்கிழார். திருவாவடுதுறைக் கோயிலின் மேற்குப் பக்கத்தில் ஓர் அரசமரத்தடியில் யோகி அமர்ந்தார். ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் ஆண்டு. வரலாற்றுக் கணக்கு வேறு: திருமூலரின் காலம், திருமந்திரம் இன்றைய வடிவத்தை அடைந்த காலம் ஆகியவை பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை, சில நூற்றாண்டு இடைவெளியில் கருத்துகள் விரிந்து கிடக்கின்றன. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருமூலரை வணங்கியிருப்பதால், அடியாராக அவர் புகழ் சுந்தரருக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அச்சில் கிடைக்கும் நூல் பாயிரமும் ஒன்பது தந்திரங்களுமாக 3,000 பாடல்களைச் சற்றே தாண்டும். பன்னிரு திருமுறையில் பத்தாவது.

அதிகார வைப்பும் திருமூலருடையதுதானா, பின்னால் தொகுத்தவர்கள் செய்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொகுத்தவர்கள் செய்தது என்றே வைத்துக்கொண்டாலும், யோகத்தைச் சொல்வதற்கு முன் அன்பைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நூலை எப்படிப் படிக்க வேண்டும் என்று தொகுத்தவர்கள் கொண்டிருந்த புரிதலுக்கு அதுவே சான்று. அதோடு, அதிகார வரிசையை முற்றிலும் மறந்துவிட்டுப் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதே முடிவுக்குத்தான் வருகிறோம்.

அன்புடைமை அதிகாரத்தின் முதல் பாடல் தமிழர் அனைவருக்கும் தெரிந்தது. அன்பையும் சிவத்தையும் இரண்டாகப் பார்ப்பது அறியாமை என்பது அதன் கருத்து. சுவரொட்டியிலும் திரைப்படத் தலைப்பிலும் இடம்பிடித்துவிட்டதால் அதன் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு பாடல் இருக்கிறது; அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன் எலும்பையே விறகாக்கி, தன் சதையையே அறுத்துப் போட்டு, பொன்னிறத் தீயில் வறுத்தெடுத்தாலும், உள்ளம் உருகிக் குழையாதவர்களுக்கு அந்தப் பொருள் கிடைக்காது என்கிறது அது. மிகக் கொடிய உவமை. சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடலை வருத்தத் தெரியாத ஒருவர், தவத்தைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு இப்படிச் சொன்னால் அதற்கு எடை குறைவு. தவத்தின் எல்லாப் படிகளையும் வகுத்துச் சொன்னவரே சொல்கிறார்: தவம் போதாது.

அவர் வகுத்த படிகள் எவ்வளவு துல்லியமானவை என்பதற்குப் பிராணாயாமமே சான்று. இடப்பக்க நாசியால் 16 மாத்திரை உள்ளே இழுப்பது, 64 மாத்திரை நிறுத்துவது, 32 மாத்திரை வெளியே விடுவது. ஒரு பங்கு, நான்கு பங்கு, இரண்டு பங்கு என்ற விகிதம். மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வரையறுத்தது. எழுத்தொலிக்கு அளவாக இருந்த இலக்கணச் சொல் இங்கே மூச்சுக்கு அளவாகிறது. ஆகமத்தைத் தமிழில் தருவதற்காகவே இறைவன் தம்மைப் படைத்தார் என்று பாயிரத்தில் சொன்னவர், அளவுகோலையும் தமிழிலிருந்தே எடுத்திருப்பதாகத் தோன்றுகிறது. மூச்சை அவர் குதிரையாகவும் உருவகிக்கிறார்: பறவையைவிட விரைவான குதிரை, அதன்மேல் ஏறியவனுக்குக் கள் வேண்டாம், களிப்பு தானாகவே வரும். (குரு அருகில் இல்லாமல் இந்த 64 மாத்திரையைப் புத்தகம் பார்த்து முயன்று பார்ப்பது தவறு. இதயமும் இரத்த அழுத்தமும் மாத்திரைக் கணக்கை மதிக்காது.)

ஆனால் குதிரை ஏறுவதற்கு முன் இயமம் இருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இயமங்கள் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் பற்றின்மை. திருமூலர் பதஞ்சலியை அறியாதவர் அல்லர். நந்தியிடம் அருள் பெற்றவர்களின் வரிசையில் பதஞ்சலியின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்தே சொல்கிறார். அப்படியிருந்தும் அவருடைய இயமப் பட்டியல் நீள்கிறது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு அடக்கம், நடுநிலை, கள்ளும் காமமும் இல்லாமை எல்லாம் சேர்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒன்று இருக்கிறது: பகுத்துண்ணுதல்.

இந்த ஒரு சொல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதஞ்சலி கூறும் ஐந்தும் விலக வேண்டியவை அல்லது அடக்க வேண்டியவை என்ற திசையில் செல்கின்றன. அங்கே பக்தி இல்லை என்று சொல்லமாட்டேன். ஈசுவரப் பிரணிதானம் என்ற இறைவனிடம் ஒப்படைப்பு அவருடைய நியமத்தில் உண்டு. ஆனால் இலையில் உள்ள சோற்றில் பாதியைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தருவது யோகத்தின் முதல் உறுப்பு என்று திருமூலர்தான் சொல்கிறார். திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வள்ளுவரும் கொல்லாமையைப் பேசுமிடத்தில் பகுத்துண்பதையே கொண்டுவந்து நிறுத்துகிறார். தமிழ் அறமரபின் ஒரு பிடி சோறு அட்டாங்க யோகத்துக்குள் புகுந்த இடம் இது. நியமத்திலும் அருளும் தானமும் இடம்பெறுகின்றன.

அறஞ்செய்வான் திறம் என்ற அதிகாரத்தில் இதையே இன்னும் எளிதாக்கி, நான்கு செயல்களைச் சொல்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை. பசுவுக்கு ஒரு வாய்ப் புல். உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி. பிறரிடம் இனிய சொல். நான்கு அடிகளிலும் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்: இது யாராலும் முடியும் என்று. பூ வாங்கக் காசில்லாதவனும் இலை பறிக்கலாம். தானியம் இல்லாதவனும் வரப்போரத்தில் புல் கிள்ளலாம். அதுவும் முடியாதவனிடம் நாக்கு இருக்கிறது. யோகத்தின் வாசலை இதற்குமேல் தாழ்த்த முடியாது. ஏழாம் தந்திரத்தில் அவர் இன்னும் ஒரு படி போகிறார்: கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய மனிதனுக்குப் போய்ச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அது கடவுளையும் சேரும்.

திருமந்திரம் முழுவதும் இப்படி எளிது என்று சொல்ல வரவில்லை. கத்தரி விதைத்தால் பாகல் முளைத்தது என்பதுபோல் மறைபொருளாகப் பேசும் சூனிய சம்பாஷணை ஒன்பதாம் தந்திரத்தில் இருக்கிறது. நான்காம் தந்திரத்துச் சக்கரங்களைக் குருமரபு இல்லாமல் திறக்க இயலாது. எளியதும் அரியதும் ஒரே நூலில் இருக்கின்றன. எதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதில் நூலுக்குக் குழப்பமில்லை. அன்பும் அறமும் தெருவில் வைக்கப்பட்டிருக்கின்றன. நாடியும் சக்கரமும் வீட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. இன்று நாம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறோம். சக்கரங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம்.

உடம்பைப் பற்றிய அவருடைய பார்வையும் இந்த அன்பிலிருந்தே பிறக்கிறது. முன்பு உடம்பை இழிவானது என்று நினைத்திருந்ததாகவும், உள்ளே உத்தமன் ஒருவன் குடியிருக்கிறான் என்று கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் மூன்றாம் தந்திரத்தில் ஒரு பாடல் சொல்கிறது. விருந்தினர் தங்கியிருக்கும் வீட்டைக் கூட்டி மெழுகி வைப்பதுபோல. ஆசனமும் மூச்சும் அந்த மெழுகுதல்.

இனி நட்பு. ஐந்தாம் தந்திரத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நிலைகள் சொல்லப்படுகின்றன. தொடர்ந்து சன்மார்க்கம், சகமார்க்கம், சற்புத்திர மார்க்கம், தாச மார்க்கம் என்று நான்கு நெறிகள். விளக்கேற்றுவது, பூக்கொய்வது, கோயிலைக் கூட்டி மெழுகுவது ஆகியவை தாச மார்க்கம்: அடிமை தன் தலைவனுக்குச் செய்வது. பூசையும் ஓதலும் சற்புத்திர மார்க்கம்: மகன் தந்தைக்குச் செய்வது. சகமார்க்கத்தைச் சொல்லும் பாடல்களில் யோகச் சமாதி பேசப்படுகிறது. சக என்றால் உடன். உடன் நிற்பவனின் நெறி, தோழனின் நெறி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இந்த இணைப்பை ஐயத்துக்கு இடமில்லாமல் வகுத்துவிட்டார்: யோகம் செய்பவன் சகமார்க்கத்தில் நிற்கிறான், அவன் பெறுவது சாரூபம், இறைவனை ஒத்த உருவம்.

யோகத்தை வேறு எப்படியும் வருணித்திருக்கலாம். போர் என்று சொல்லியிருக்கலாம். ஐம்புலன்களை வெல்வது என்ற பேச்சு நமக்குப் பழக்கமானதுதான். ஏணி என்றோ வேள்வி என்றோ சொல்லியிருக்கலாம். அன்பின் வகைகளில் ஒன்றின் பெயரையே வைத்தார்கள். அடிமைக்குத் தலைவனிடம் அச்சம் உண்டு. மகனுக்குத் தந்தையிடம் கடமை உண்டு. நட்பில் அச்சமும் இல்லை, கடமையும் இல்லை. நட்பில் ஒருவர் மற்றவரைப் போல ஆகிவிடுவார். சாரூபம் என்ற பேறு நட்புக்கு மட்டுமே பொருந்துவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த நெறிக்கு மரபு காட்டும் முன்மாதிரி இன்னும் வியப்பானது. சரியைக்கு அப்பர், கிரியைக்குச் சம்பந்தர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர், யோகத்துக்குச் சுந்தரர். அரசமரத்தடியில் மூவாயிரம் ஆண்டு அமர்ந்த யோகி ஒருவர் கையில் இருந்தும் யோகத்துக்குச் சுந்தரரைக் காட்டியது சைவம். நால்வரை நான்கு நிலைகளுக்குப் பொருத்த வேண்டியிருந்ததால் அப்படி நேர்ந்தது என்று ஒரு பதில் சொல்லலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றதற்கு அது மட்டும் காரணமாகாது.

சுந்தரர் எங்கும் மூச்சை அடக்கி அமர்ந்திருந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. புத்தூரில் அவருக்கு மணமேடை போட்டிருந்தபோது ஒரு கிழவர் ஆளோலையோடு வந்து, இவன் என் அடிமை என்று வழக்கிட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு கிழவர் பக்கம் தீர்ந்தது; கிழவர் சிவபெருமான். அடிமையென்று ஓலை காட்டிப் பிடித்தவர், பிறகு திருவாரூரில் தம்மையே தோழமையாகத் தந்து, அந்த மணக்கோலத்தையே எப்போதும் புனைந்திரு என்றார். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர் வந்தது அங்கே. பட்டும் பொன்னும் சந்தனமுமாக வாழ்ந்தவர் அவர். மனைவி பரவையின் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டுமென்று திருப்புகலூரில் கேட்டார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாகியது. குண்டையூரில் குவிந்த நெல்லைத் தூக்க ஆள் வேண்டுமென்று கேட்டார். திருவொற்றியூரில் சங்கிலியை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று செய்த சூளுறவை மீறினார், கண்ணிழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றதும் கிடைக்கும்வரை அவர் பாடிய பதிகங்களில் கெஞ்சலும் இருக்கிறது, ஏசலும் இருக்கிறது. நெருங்கிய நண்பனிடம் மட்டுமே அப்படி ஏசிப் பேச முடியும்.

தாரணை என்றால் மனத்தை ஒன்றிலேயே நிறுத்துவது. சுந்தரருக்குப் பசி வந்தது, காமம் வந்தது, கோபம் வந்தது, குருடும் வந்தது. ஒவ்வொன்றோடும் அவர் போய் நின்ற இடம் ஒன்றே. பொன்னுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று அவர் தேடவில்லை. மனத்தில் எழும் அலைகளை அடக்கியவர் அல்லர் அவர். எல்லா அலைகளும் ஒரே கரைக்குப் போகப் பழகிய மனம் அவருடையது. சைவம் அதை யோகம் என்று ஒப்புக்கொண்டது. அது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

திருமூலரின் வரலாற்றில் இதுவரை நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது மூலனின் மனைவி வழிபார்த்து நின்றாள். நேரமாகிவிட்டதே என்று தேடி வந்தவள் அவரைத் தொடப்போனாள். அவர் விலகினார். உனக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பொது மடத்துக்குள் போய் யோகத்தில் அமர்ந்துவிட்டார். அவள் இரவெல்லாம் தூங்காமல் இருந்து மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் நிலை நமக்கு எட்டாதது, இவரோடு இனி உனக்கு உறவில்லை என்றார்கள். அவள் மயங்கித் தளர, அருகிலிருந்தவர்கள் அழைத்துச் சென்றார்கள். மாடுகளின் கண்ணீரைப் பொறுக்காதவரால் இவளுக்குத் தர முடிந்தது அவ்வளவுதான். அவர் அவளுடைய கணவர் அல்லர். பொய்யாக வாழ்ந்திருக்கவும் முடியாது. அது தெரிந்தும் இந்த இடத்தில் மனம் நெருடுகிறது. நெருடட்டும் என்றுதான் சேக்கிழாரும் அதைச் சுருக்காமல் பாடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அன்பு அளவுகோலானால், அது திருமூலர் வரலாற்றையும் அளக்கும்.

பெரியபுராணத்தில் இதற்கு நேர் முந்தையது ஏயர்கோன் கலிக்காமர் புராணம். சங்கிலியை மணந்த செய்தி கேட்டுக் கதவடைத்துவிட்ட பரவையின் கோபத்தைத் தணிக்க, சுந்தரர் சிவபெருமானையே தூது அனுப்பியது அங்கேதான் விரிவாக வருகிறது. நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் இறைவன் நடக்கிறார். முதல்முறை அர்ச்சகர் வடிவில் போய்ப் பேசி, மறுக்கப்பட்டுத் திரும்புகிறார். இரண்டாம் முறை தம் உண்மைக் கோலத்தோடு போய் அவளை இசைய வைக்கிறார். ஒரு பெண்ணின் வருத்தத்துக்காகக் கடவுளை அலைய வைத்தானே என்று கொதித்தவர் கலிக்காமர். பின்னர் அவரே சுந்தரரின் நண்பரானார். இரண்டு புராணங்களும் அடுத்தடுத்து வந்ததற்குச் சேக்கிழாரின் திட்டம் காரணமல்ல. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் வைத்த பெயர் வரிசை அது. ஆனால் வாசிப்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கிறார்: ஒன்றில் தோழனுக்காக ஒரு மனைவியின் வாசலில் இரண்டு முறை போய் நின்ற இறைவன், அடுத்ததில் யோகியின் முன் நின்று கலங்கித் திரும்பிய ஒரு மனைவி. பரவையின் பெயர் நமக்குத் தெரியும். சாத்தனூர் மூலனின் மனைவிக்குச் சேக்கிழார் பெயர் சொல்லவில்லை.